சாதகம், பாதகம், பஞ்சவர்ணம்

மே 2, வெள்ளி

இன்று முதல் எழுதுகிறேன். லாரி புக்கிங் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் லோடு பதிவு எழுதிய கை இது. ஆபீசை மூடியபின் பதினோரு வருடமாக எழுத ஒன்றுமில்லாமல் கிடந்தது. இப்போது அவசியம் வந்துவிட்டது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகி, "நீங்க அப்பவே சொல்லிருக்கலாம்ல?" என்று பஞ்சவர்ணம் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு ஆதாரம் வேண்டும்.

விஷயம் இதுதான். என் மனைவிக்கு கரண்டு வண்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் மாவில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டே, "ஏங்க, பின்னாடி பெட்டி வச்ச கரண்டு வண்டி ஒண்ணு வாங்கிருவோமா?" என்றாள். என்னவோ அரை கிலோ வெண்டைக்காய் வாங்கிருவோமா என்பது போல.

நான்கு வழிச்சாலைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி இருக்கிறது. அதன் விடுதியில் நூற்று நாற்பது பிள்ளைகள். வார்டன் எஸ்தர் மேடம் யாரோ சொல்லி இவளுக்குப் போன் செய்திருக்கிறார். ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து தினமும் நாற்பத்தைந்து கிலோ இட்லி மாவு வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும். அதற்கு முன்னால் இந்த மாதம் பதினாறாம் தேதி ஒரு நாள் அதே அளவு கொண்டுவந்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் வருடம் முழுக்க நமக்குத்தான்.

இப்போது பதினான்கு மளிகைக் கடைக்கு பாக்கெட் மாவு போடுகிறோம். அரைப்பது அவள், கொண்டுபோய்ப் போடுவது நான், என் டிவிஎஸ் வண்டியில். அதில் இருபது கிலோவுக்கு மேல் ஏற்றினால் முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். விடுதி இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். "ரெண்டு நடையா அடிங்களேன்" என்றாள் முதலில். நான் என்ன டவுன் பஸ்ஸா? அப்புறம்தான் இந்தக் கரண்டு வண்டிப் பேச்சு.

யோசிப்போம் என்றேன். யோசிக்காமல் செய்கிற குடும்பம் உருப்படாது.

மே 3, சனி

கரண்டு வண்டி விற்கிற சிக்கந்தர் கடைக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். பஞ்சவர்ணமும் தொற்றிக்கொண்டு வந்தாள்.

இந்த ரகத்தில் இதுதான் விலை குறைந்ததாம். ஐம்பத்திரண்டாயிரம். சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிறது. பின்பக்கம் நீளமாக, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு தகரப் பெட்டி. நூற்றிருபது கிலோ தாங்கும் என்கிறான். ஒரு தடவை சார்ஜ் போட்டால் அறுபது கிலோமீட்டர் என்கிறான். விற்கிறவன் வேறென்ன சொல்வான்?

"வேகம் எம்புட்டு தம்பி?" என்றேன்.

"இருபத்தஞ்சுதாண்ணே. அதுக்கு மேல போகாது. அதனாலதான் லைசென்சும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம்."

"இருபத்தஞ்சுல போனா மாவு போய்ச் சேர்றதுக்குள்ள தோசையா ஆயிரும்."

நான் சொன்னதற்கு சிக்கந்தர் சிரித்தான். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, அடித்தகரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லைசென்சு வேண்டாமா? அப்ப நானே ஓட்டலாமா?" என்று அவனிடம் கேட்டாள். என்னிடம் இல்லை, அவனிடம்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மின்விசிறிக் காற்றே அடுப்புப் பக்கத்தில் நிற்பது போல அடிக்கிறது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு எழுதினேன்.

சாதகம்: பெட்ரோல் வேண்டாம். சத்தமில்லை. நாற்பத்தைந்து கிலோவும் ஒரே நடையில் போகும்.

பாதகம்: வேகமில்லை. பேட்டரிக்கு இரண்டு வருடம்தான் கியாரண்டி. மூன்றாம் வருடம் செத்தால் புதுசு வாங்குவதற்கு வண்டியையே விற்கலாம். விடுதிக்குப் போகிற வழியில் ரயில்வே மேம்பாலத்தில் லோடோடு ஏறுமா என்று யாருக்கும் தெரியாது. வயரெல்லாம் பெட்டிக்கு அடியில் ஓடுகிறது. மழைத் தண்ணீர் போனால் என்னாகும்? பிரேக் சைக்கிள் பிரேக் மாதிரி இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் சிக்கந்தர் ஒருத்தனிடம்தான் கிடைக்கும்; அவன் கடையை மூடினால் நம் கதி? மலிவு வண்டி. பஞ்சர் ஒட்டப் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் மோட்டாரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்.

பாதகம் எட்டு, சாதகம் மூன்று. நான் வேண்டுமென்று எதையும் கூட்டிக் குறைத்து எழுதவில்லை. உள்ளதை எழுதினேன். கிரைண்டருக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தேன், அவளும் படிக்கட்டும் என்று.

மே 6, செவ்வாய்

பஞ்சவர்ணத்துக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லையாம். இடது கையால் தலைவாரினாள். வகிடு கோணலாக இருந்தது, சொன்னேன்.

மே 8, வியாழன்

காலையில் தாளைப் பார்த்தால் சாதகம் பக்கத்தில் அவள் கையெழுத்து. பால் கணக்கு எழுதுகிற பென்சிலால், பெரிய பெரிய எழுத்தாக:

"பெட்டி தாழ இருக்கு. தோளுக்குத் தூக்க வேண்டாம். நானே ஓட்டலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு தாளை ஒரு ஆள் தயாரிக்கிறான் என்றால் அதில் இன்னொருத்தர் எழுதுவதா? புக்கிங் ஆபீசில் என் லெட்ஜரில் மேனேஜர்கூடக் கை வைத்ததில்லை.

"ஏன், நான் ஓட்டுறதுல உனக்கென்ன குறை?" என்று கேட்டேன்.

"குறைன்னு நான் சொன்னேனா?"

"பெறகு எதுக்கு நானே ஓட்டலாம், நானே ஓட்டலாம்னு?"

"ஒரு தடவதான எழுதிருக்கேன்" என்றாள். உளுந்தை அள்ளி கிரைண்டரில் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டாள். அந்தச் சத்தத்தில் அப்புறம் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

தாளைப் புதிதாக எழுதி மாட்டினேன். பழையது மாவுக்கறை பட்டு அசிங்கமாக இருந்தது. அவள் எழுதிய வரி புதுத்தாளில் இடம் பெறவில்லை, இடமில்லை. பாதகம் இப்போது ஒன்பது.

மே 11, ஞாயிறு

மாநகராட்சி மைதானத்தில் சிக்கந்தர் இவளுக்கு வண்டி பழக்கிக் கொடுத்தான். நான் மர நிழலில் நின்று பார்த்தேன். ஐம்பத்தோரு வயதுப் பெண்பிள்ளை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிரிக்கெட் ஆடுகிற பயல்களுக்கு நடுவே வட்டம் அடிக்கிறாள். முதல் வட்டத்தில் சாய்ந்தாள். நான் எழுந்து போவதற்குள் அவளே தூக்கி நிறுத்திவிட்டாள். ஏழாவது வட்டத்தில் மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

"அக்கா சூப்பரா ஓட்டுறாங்கண்ணே. நீங்களும் ஒரு ரவுண்டு வாங்க" என்றான் சிக்கந்தர்.

எனக்கு மூட்டுவலி என்றேன். வலி இல்லை. அத்தனை பேர் முன்னால் நான் விழுந்தால்?

திரும்பி வரும்போது டிவிஎஸ்ஸில் என் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் இவ்வளவு பேசி எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தேன். ஆனால் பேச்சு பூராவும் வண்டியைப் பற்றித்தான்.

மே 13, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டால் மனசு ஆறாது.

மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை நான் கடைகளுக்கு மாவு போடப் போகிறேன். பதினான்கு கடை. நடுவில் பைபாஸ் முக்கில் ஒரு டீ. அங்கே என்னை உட்கார வைத்துப் பேசுவார்கள், பேப்பரைக் கொடுப்பார்கள், லாரி வாடகை பற்றி இன்னமும் என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் உண்டு. வீட்டில் நான் யார்? கிரைண்டரைச் சுற்றி நடமாடுகிற இன்னொரு பாத்திரம். பாக்கெட்டிலேயே "பஞ்சவர்ணம் மாவு" என்றுதான் அச்சடித்திருக்கிறது. "பூமிநாதன் அன் கோ" என்று போடச் சொன்னேன்; அச்சகத்துக்காரன், "அண்ணே, மாவுக்கு அது எடுபடாது" என்றுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று டீக்கடையில் ஒருத்தன் கேட்கிறான்: "என்னண்ணே, அக்கா புது வண்டி எடுக்குறாங்களாமே? பெறகு உங்களுக்கு ரெஸ்ட்டுதான், ஜாலிதான்."

ஜாலியாம். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மே 15, வியாழன்

முடிவானது. நாளைக்கு எஸ்தர் மேடத்துக்கு மாவு காட்ட வேண்டிய நாள். சிக்கந்தர் வண்டியை ஒரு நாளைக்குத் தருகிறேன், லோடு போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்றாள் பஞ்சவர்ணம். அதாவது வண்டிக்கும் பரீட்சை, மாவுக்கும் பரீட்சை.

ஆனால் நாளைக்கு அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில் தோளுக்கு ஊசி போடச் சீட்டு இருக்கிறது. போகவில்லை என்றாள். காத்துக் கிடந்து வாங்கிய தேதி. "நீ போயிட்டு வா, மாவை நான் பக்கெட்டுல ஊத்தி ஏத்தி வைக்கிறேன். நீ வந்து வண்டிய எடுத்தாப் போதும்" என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்றாள். அவள் கண் கலங்கியது போலிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அதனாலும் இருக்கலாம்.

மே 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

காலை பத்தரைக்கு அரைத்து முடித்து, உப்புக் கலக்கி, பெரிய அண்டாவில் வைத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது, "ஒம்பது பக்கெட்டு கழுவிக் கவுத்திருக்கேன்" என்றாள். சரி என்றேன். மாவு வியாபாரத்தில் பதினோரு வருடம் இருக்கிறவனுக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. அரைத்த மாவு உயிருள்ள பொருள். வெயில் காலத்தில் நாலு மணி நேரத்தில் ஒன்றரைப் பங்காகப் பொங்கும். அதனால் பக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, நிழலில் வைக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஊற்றினேன். ஆறு பக்கெட்டில் அடங்கிவிட்டது. பெட்டியில் ஆறு பக்கெட்தான் ஒழுங்காக நிற்கும் என்று எனக்குப் பட்டது. மூடி வழியில் கழன்றுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் குத்தி இறுக்கி மூடினேன். கடைசி நேர அவசரம் வேண்டாம் என்று ஒரு மணிக்கே பெட்டியில் ஏற்றி, பெட்டியையும் பூட்டினேன். வாசலில் அந்த நேரத்துக்கு நிழல் இருந்தது. அப்புறம் வெயில் திரும்பினால் அதற்கு நானா பொறுப்பு? தகரம் தொட முடியாமல் சுட்டது. நூற்றுநான்கு டிகிரி என்று டிவியில் சொன்னார்கள்.

பஞ்சவர்ணம் மூன்றே முக்காலுக்கு வந்தாள். கை வீங்கியிருந்தது. "எல்லாம் ஏத்தியாச்சா?" என்றாள். "எல்லாம் ரெடி" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வண்டியில் ஏறினாள். நான் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே போனேன், ஒரு பாதுகாப்புக்கு.

வண்டி நன்றாகத்தான் போனது. அதையும் எழுத வேண்டும். தண்டவாளத்துக்கு முன்னால் நிழற்குடை வரும் இடத்தில் பெட்டியின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு ரோட்டில் விழ ஆரம்பித்தது. முதலில் நூல் மாதிரி, அப்புறம் கயிறு மாதிரி. நான் ஹாரன் அடித்தேனா என்று நினைவில்லை. அடித்திருப்பேன். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பக்கெட்டே தெரியவில்லை. மூடிகளைத் தள்ளிக்கொண்டு பொங்கி, பெட்டி முழுக்க நுரைத்துக் கிடந்தது. அடியில் இருந்த ஓட்டை வழியாக வயருக்குள் இறங்கியிருந்தது. பாலத்தில் போகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். ஒருத்தன் போனில் படம் எடுத்தான். இரண்டு நாய்கள் வந்து ரோட்டை நக்கின. பஞ்சவர்ணம் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள், முகமெல்லாம் மாவானது. அப்புறம் நாலு பக்கெட்டில் மிச்சமிருந்ததை இரண்டு பக்கெட்டாக்கி, ஷேர் ஆட்டோவை நிறுத்தி, என்னிடம் "வண்டியப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். ஊசி போட்ட கையோடுதான் தூக்கினாள். நான் தூக்கப் போவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஆறரைக்குத் திரும்பி வந்தாள். நேரமும் தப்பிவிட்டது, அளவும் இல்லை, மாவும் புளித்துவிட்டது. எஸ்தர் மேடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"நான் அப்பவே எழுதி வச்சேன். மலிவு வண்டின்னு" என்றேன்.

மே 17, சனி

பின்கட்டில் உட்கார்ந்து பக்கெட்டுகளைக் கழுவினாள். ஆறு கழுவியபின் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்திருந்த மூன்றைப் பார்த்தாள்.

"இந்த மூணும் நனையவே இல்லையே?"

"பெட்டியில ஆறுதான் நிக்கும்."

பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய, மாவு காய்ந்த வண்டியிடம் போனாள். பெட்டியைத் திறந்து முதலில் ஆறு வைத்தாள். அப்புறம் ஏழு. எட்டு. ஒன்பது. பெட்டியின் மூடியையும் மூடிக் காட்டினாள். மூடியது.

அடுக்குகிற விதம் என்று ஒன்று இருக்கிறது. அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷியின் பார்வை அப்படியா இருக்க வேண்டும்? திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கையில் கிடைத்ததை எறிந்திருந்தாலும் பரவாயில்லை. பக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெயிலில் காயவைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

மே 18, ஞாயிறு

நாள்காட்டித் தாளில் முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: வண்டி வேண்டாம். அவள் தாளைப் பார்க்கவில்லை.

மே 20, செவ்வாய்

சிக்கந்தர் வண்டியைக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்துவிட்டான். "தண்ணி பட்டாத் தாங்கும்ணே. புளிச்ச மாவு எறங்குனா எந்த வண்டிண்ணே தாங்கும்?" என்றான். பெட்டியின் அடி ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்து, வயரை மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறானாம். இதை என்னிடம் ஏன் சொல்கிறான் என்று யோசித்தேன். சாயங்காலம் தெரிந்தது. வண்டி வாசலில் வந்து நின்றது. பெட்டியில் மஞ்சள், குங்குமம்.

"யாரைக் கேட்டு வாங்குன?" என்றேன்.

"யாரையும் கேக்கல" என்றாள்.

பன்னிரண்டு வருடம் கட்டிய மகளிர் குழுச் சீட்டை எடுத்துவிட்டாள். சொல்லவில்லை, சிக்கந்தர் வாய் தவறிச் சொன்னான். சீட்டு கட்டுகிற விஷயமே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம்! ஒரே கூரைக்குக் கீழே!

மே 23, வெள்ளி

காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கே என்றேன். "விடுதிக்கு" என்றாள். எஸ்தர் மேடம் காறித் துப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். மதியம் வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தாள். என்ன ஆனது என்று அவளாகச் சொல்வாள் என்று நானும் கேட்கவில்லை. சொல்லவில்லை.

மே 24, சனி

கேட்டேன். "இன்னொரு தடவ கொண்டாரச் சொல்லிருக்காங்க" என்றாள். "என்ன சொல்லிச் சம்மதிக்க வச்ச?" என்றேன். "உள்ளதச் சொன்னேன்" என்றாள். உள்ளது என்றால் எது?

மே 26, திங்கள்

அவளே ஊற்றினாள். நான் உதவிக்கு ஒரு பக்கெட்டை எடுத்தேன். "தொடாதீங்க" என்றாள். கத்தவில்லை. சூடான பாத்திரத்தைத் தொடப்போகிற பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னாள். ஒன்பது பக்கெட். ஈரச்சாக்குப் போர்த்தி, நாலு மணிக்குப் பெட்டியில் ஏற்றினாள். நான் பின்னால் போகவில்லை; வர வேண்டாம் என்றாள். ஐந்தே முக்காலுக்குக் காலிப் பக்கெட்டுகள் சத்தம் போட வந்து சேர்ந்தாள். சொல்லாமலே தெரிந்தது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதை எங்காவது எழுதி வைத்தே ஆகவேண்டும். மூன்று பக்கெட் மிச்சமானால் கழுவுகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். இல்லை, பெட்டியில் நிற்காது என்று நினைத்தேன். எது முதலில் என்று இப்போது சரியாக நினைவில்லை. வண்டி அன்றைக்கு மட்டும் நின்றால் போதும் என்று நினைத்தேன், அது உண்மை. விடுதி கைவிட்டுப் போகும் என்று நினைக்கவில்லை. அவள் அந்தக் கையோடு பக்கெட் தூக்குவாள் என்றும் நினைக்கவில்லை.

எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. கிடக்கட்டும்.

ஜூன் 2, திங்கள்

விடுதிக்கு முதல் நாள். போகிற வழியில்தானே என்று ஏழு கடைக்கான பாக்கெட்டையும் பெட்டியிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஏழு கடை.

ஜூன் 4, புதன்

மிச்சம் ஏழு கடையும் அவள் வண்டியில். திரும்பி வருகிற வழியாம். டிவிஎஸ்ஸைத் துடைத்து நிறுத்தினேன். டீக்கடைக்கு நடந்து போனேன். "என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

அவள் போன பிறகு மேசைமேல் அவளுடைய போன் அடித்தது. சார்ஜில் போட்டு மறந்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்தேன்.

"பஞ்சவர்ணம் மாவா?"

"ஆமாங்க. அவங்க டெலிவரிக்குப் போயிருக்காங்க."

"நான் ஹாஸ்டல்ல இருந்து எஸ்தர் பேசுறேன். திங்கக்கெழம முதல் வருஷப் பிள்ளைக வருதுக. அன்னையிலருந்து பதினஞ்சு கிலோ கூடப் போடணும். மறக்காமச் சொல்லிரு. நீ யாருப்பா, மாவு ஊத்துற ஆளா?"

வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அதற்குள் அவரே தொடர்ந்துவிட்டார்.

"புதுசா வந்துருக்கியா? பழைய ஆள நிறுத்திட்டேன்னு அம்மா சொன்னாங்க. நல்ல வேல செஞ்சாங்க. அன்னைக்கு என் பிள்ளைக நூத்தி நாப்பதும் பன்னும் டீயுமா டூட்டிக்குப் போச்சுக. அதக்கூட விடு. அந்தம்மா இங்க வந்து, மாவு முகத்தோட நின்னு, அப்படி அழுதுச்சு. வேலைக்கு வச்ச ஆளு ஏமாத்திட்டான்னா மனசு எம்புட்டு நோகும்? நீயாவது விசுவாசமா இருப்பா."

"சரிங்க மேடம்" என்றேன்.

போனை வைத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அப்பா செத்தபோதுகூட அடுப்படியில் நின்று வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளையிடம் போய் அழுதிருக்கிறாள். எனக்கு வந்தது அவமானமா, ஆத்திரமா, தெரியவில்லை. இரண்டும்தான்.

பதினைந்து கிலோ விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை மாவு பற்றாமல் போகும், அவள் முழிப்பாள். ஒரே ஒரு நிமிடம்தான். வாசலில் வண்டி மணி கேட்டதும் நானே எழுந்து போய்ச் சொன்னேன்.

"எஸ்தர் மேடம் பேசுனாங்க. திங்கக்கெழமயிலருந்து பதினஞ்சு கிலோ கூட வேணுமாம்."

பெட்டியிலிருந்து பக்கெட்டை இறக்கிக்கொண்டிருந்தவள் நின்றாள். "யாரு பேசுறதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. புதுசா வேலைக்கு வந்த ஆளுன்னு சொன்னேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பக்கெட்டுகளை அடுக்கிக் காட்டிய நாளுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை, 'என்னங்க இது, வீட்டுக்காரர்னு சொல்ல வேண்டியதுதானே' என்பாள் என்று நினைத்தேன். உண்மையில் அதைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள். "இனிமே அவங்க கேட்டாலும் அதையே சொல்லுங்க."

பக்கெட்டுகளை என் கையில் கொடுத்தாள், கழுவுவதற்கு. கூடப் போடவேண்டிய அரிசிக்குச் சொல்ல மளிகைக் கடைக்குப் போன் செய்ய உள்ளே போனாள்.